ஓயாவுக்கு மேலே 20 வீடு: நல்ல நிலத்தை முதலில் பொது மண்டபத்துக்குக் கொடுங்கள்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் 20 குடும்பங்களுக்கும் ஆளுக்கு 7 பேர்ச் காணியும் ஒரு வீடும் தருவதாகப் பேச்சு. காட்டியிருக்கும் இடம் ஓயாவுக்கு (மலையாற்றுக்கு) மேலே உள்ள சரிவு. அடிப்பக்கத்துக்கு அடைமழையில் தண்ணீர் ஏறும். "வெள்ளம் தாங்குற மாதிரி எப்படிக் கட்டுவது? தூண் வைத்து உயர்த்தலாமா? பொது மண்டபம் ஒன்றும் வேண்டும் என்கிறோம். வீடுகளுக்கு அளந்தது போக மிஞ்சுகிற துண்டில் பார்க்கலாம் என்கிறார்கள், சரியா?" இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சரியில்லை. அந்தக் காணியில் எது மிக உறுதியான, தண்ணீர் எட்டாத, நடந்து போக இலகுவான இடமோ அதை முதலில் பொது மண்டபத்துக்கு ஒதுக்குங்கள். அப்புறம் வீடுகளை அளக்கட்டும். மிஞ்சிய துண்டு என்பது மலைநாட்டில் பெரும்பாலும் ஓடைக்கரையாகவோ, வெட்டிய மண்மேட்டின் அடியாகவோதான் இருக்கும். அங்கே கட்டிய மண்டபம் கல்யாணத்துக்கு உதவும். அடைமழை இரவில் நீங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடம் அதுவென்றால், ஆபத்தை நோக்கித்தான் ஓடுவீர்கள்.

தூண் வீடு பற்றி. களனி கங்கை கொழும்புப் பக்கம் பரவுவதுபோல ஒரே இடத்தில் தண்ணீர் மெதுவாக ஏறி, சில நாள் நின்று வடிகிற இடத்துக்கு அது நல்ல யோசனை. நம் ஓயாக்கள் அப்படி வருவதில்லை. மேலே மழை கொட்டி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் கல்லும் மரமும் சேறுமாக இறங்கும், அதே வேகத்தில் வடியும். அந்த வேகம் தூணின் அடிமண்ணை அரித்துவிடும். ஓடிவரும் மரக்கட்டை தூணில் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் அதில் சேர்ந்து அணைபோல நிற்கும். ஆகவே தண்ணீர் ஏறிய அடையாளம் உள்ள பகுதியில் தூண் வைத்தும் வீடு வேண்டாம். அதை விளையாட்டு மைதானமாக விடுங்கள். மரக்கறித் தோட்டம் போடலாம், கரையோரம் மூங்கில் வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை தண்ணீர் வந்து போனால் லீக்ஸ் பாத்தி போகும், ஆள் போகாது. மேலே நீர்த்தேக்கம் இருக்கும் ஓயா என்றால், வான்கதவு திறக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர் எதுவரை வந்தது என்று அறிய, படத்தை விரிப்பதற்கு முன் லயத்துப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு காணியைச் சுற்றி நடங்கள். "இந்தப் பாலத்துல தண்ணி ஏறிச்சா? எந்தப் பக்கமா ஊருக்குள்ள பாஞ்சிச்சு?" என்று கேளுங்கள். தோட்டத்துப் பாதைக்கு அடியில் போகும் மதகுகள்தான் நான் முதலில் பார்ப்பவை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் பிளாஸ்டிக் போத்தலும் அடைத்து மதகு வாய் மூடிவிட்டால், தண்ணீர் பாதை மேல் ஏறி, ஓயாவை விட்டுவிட்டு லயத்துக்கு நடுவில் புதுவழி போட்டுக்கொள்ளும். ஆற்றுக்கு வெகு தூரத்தில் இருக்கும் வீட்டுக்குள் இடுப்பளவு சேறு எப்படி வந்தது என்று ஆட்கள் திகைக்கிறார்களே, பல தடவை காரணம் இந்த அடைப்புத்தான். உங்கள் காணிக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு மதகும் அடைத்தால் தண்ணீர் எங்கே திரும்பும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் வீடு வரக் கூடாது.

மலைநாட்டில் வெள்ளத்தையும் மண்சரிவையும் பிரித்துப் பேச முடியாது. கீழே ஓயா பெருகுகிற அதே மழைதான் மேலே மண்ணை ஊறவைக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை மேலே ஏற்றிச் சரிவுக்குள் வைத்துவிட்ட திட்டங்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது நம்மில் யாருக்கும் மறக்காது. முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படாத எச்சரிக்கையால் என்ன பயன்? தப்பியவர்கள் புது வீடு கிடைக்கும் வரை நெடுங்காலம் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் கிடந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்குத்தான் அதில் பெரும் பங்கு.

அதனால் மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் ஒரு கல்லும் வைக்க விடாதீர்கள். "பார்த்துவிட்டோம், பிரச்சினை இல்லை" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். எந்தத் துண்டு உகந்தது, எது உகந்ததல்ல, என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்று உங்கள் சங்கத்திடம் இருக்க வேண்டும். அவர்கள் வரும் நாளில் நீங்களும் கூட நின்று, நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: தரையில் நீளமாகப் போகும் வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, இதுவரை தெளிவாக வந்து இப்போது கலங்கி வரும் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வந்து விழும் தண்ணீர்), திடீரென்று வற்றிப்போன பீலி. ஒரு நாள் வந்து பார்ப்பவருக்கு இவை தெரியாது. தினமும் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களுக்குத் தெரியும்.

சரி, இடம் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனித் தண்ணீர்க் கணக்கு. தோட்ட வீடமைப்பில் வழக்கமாகக் கட்டப்படும் 550 சதுர அடி வீட்டின் கூரையில், ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5000 லீட்டருக்கு மேல் விழும். 20 வீட்டுக்கும் சேர்த்தால் ஒரு லட்சம் லீட்டர். மணித்தியாலத்துக்கு 75 மில்லிமீட்டர் என்று அடித்தால், அந்த 20 கூரைகளிலிருந்து மட்டும் ஒவ்வொரு நொடியும் ஒரு பெரிய வாளித் தண்ணீர் கொட்டும். முற்றம், பாதை, மேலே உள்ள தேயிலை மலை எதையும் இன்னும் நான் சேர்க்கவில்லை. முன்பு தேயிலைச் செடிக்குள் ஊறிப் போன மழை இது. வீடு கட்டிய பிறகு ஒரே இடத்தில் சேர்ந்து ஓடும். வீட்டுத் திட்டம் தானே உண்டாக்கும் வெள்ளம் என்று இதைத்தான் சொல்வேன். புது வீட்டுக்காரர் விடும் தண்ணீர் கீழ் வீட்டுச் சுவரை அறுப்பதும், அதனால் சொந்தக்காரர்களே பேசாமல் போவதும் நான் பார்த்த திட்டங்களில் சாதாரணம்.

இதற்குத் தனித்தனி வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கானை, அதாவது வடிகாலை, எல்லா வீட்டுக்கும் பொதுவாக வரைய வேண்டும். வீடுகளுக்கெல்லாம் மேலே, வெட்டுக்கு அப்பால், சரிவுக்குக் குறுக்காக ஒரு மேற்கான். மலையிலிருந்து வருவதை அது பிடித்து ஓரமாகத் திருப்பும். அங்கிருந்து கீழே இறங்க கருங்கல்லும் சீமெந்தும் போட்ட படிக்கான். படி இருந்தால் தண்ணீரின் வேகம் ஒவ்வொரு படியிலும் உடையும். படி இல்லாமல் நேராக விட்டால் கடைசியில் மண்ணைத் தோண்டிக் குழியாக்கிவிடும். ஒவ்வொரு கூரை ஓரத்திலும் மழைத்தண்ணீர் பிடிக்கும் பீலி வைத்து, அதன் குழாயை அந்தக் கானோடு சேர்க்க வேண்டும். கான் ஓயாவில் விழும் இடத்தில் பெரிய கற்களை அடுக்க வேண்டும். கானில் வெடிப்பு விழுந்தால் உடனே பூச வேண்டும், ஏனென்றால் வெடித்த கான் சரிவுக்குள்ளேயே தண்ணீரை இறக்குகிறது. கான் இல்லாத மலையைவிட அது மோசம். கட்டுகிற காசு முடிகிறபோது எல்லா ஒப்பந்தக்காரர்களும் முதலில் வெட்டுவது கானைத்தான். ஆகவே மேற்கானும் படிக்கானும் முடிந்த பிறகுதான் வீட்டு அத்திவாரம் என்று உடன்படிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டை வைக்கும் முறையில் ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிச் சமப்படுத்தி, பாதி வீட்டை வெட்டிலும் பாதியை நிரப்பிய மண்ணிலும் வைப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் நிரப்பிய பக்கம் இறங்கி, நடுவில் சுவர் பிளக்கும். வீடு முழுக்க வெட்டிய தரையில் இருக்கட்டும், நிரப்பிய பக்கம் முற்றமாக இருக்கட்டும். பின்னால் நிற்கும் மண்மேடு எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரமாவது வீட்டின் பின்சுவர் தள்ளியிருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1900 சதுர அடி. சமதரையில் அது போதும், செங்குத்தான சரிவில் இந்தத் தூரத்தை விட்டால் 550 சதுர அடி வீட்டுக்கே இடம் நெருக்கும். நெருக்கினால் மேட்டுக்குப் பக்கத்தில் வீட்டைத் தள்ளாதீர்கள். அந்தத் துண்டு வேண்டாம் என்று மாற்றுக் காணி கேளுங்கள். தாங்குசுவர் கட்டினால் இடையிடையே நீர் வடியும் துளையும் பின்னால் சல்லிக்கல் நிரப்பும் இருக்கிறதா பாருங்கள். துளை இல்லாத சுவர் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் தானே சாயும்.

கட்டுமானம் பற்றி அதிகம் எழுதவில்லை, நல்ல மேசன் பாஸ் ஒருவருக்கு இது தெரியும். அத்திவாரத்தின் மேலும் கதவு நிலை மட்டத்திலும் வீட்டைச் சுற்றி விடாமல் ஓடும் கம்பி போட்ட கொங்கிரீட் வளையம், நான்கு மூலையிலும் தூண், கூரைச் சட்டத்தைச் சுவரோடு இறுக்கும் கம்பி. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் தாண்டும் மழையோடு ஆனி ஆடிக் காற்றும் சேர்ந்து தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியும். பிளக் பொயின்ட், மின்சாரப் பெட்டி எல்லாம் நெஞ்சளவுக்கு மேலே. படுக்கையறையில் உயரமாக ஒரு பரண். மலக்குழியை வீட்டுக்கு மேல் பக்கமோ வெட்டின் விளிம்பிலோ தோண்டக் கூடாது, அதன் கசிவும் மண்ணை ஊறவைக்கும். குடிதண்ணீர் ஊற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். ஐந்தாறு வீட்டுக்குச் சேர்த்து ஒரு பெரிய தாங்கி கட்டி, கழிவை உறுதியான இடத்துக்குக் குழாயில் கொண்டுபோவது 20 குழி தோண்டுவதைவிட நல்லது.

இனி மண்டபத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் என் மனது அதிகம் நிற்பது இதில்தான்.

லயம் யாரும் திரும்பிப் போக விரும்பும் இடமில்லை. ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை, நடுவில் தடுப்பு, கூரையெல்லாம் ஒழுக்கு. ஆனால் அந்த நீள இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) பொது வாசலிலும் ஒரு வாழ்க்கை இருந்தது. பாட்டி மிளகாய் காயப்போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்வாள். இரவில் ஒரு வீட்டில் இருமல் கேட்டால் நான்கு வீடு எழும்பும். தனி வீடு வந்ததும் வேலியும் வந்தது. மகனும் மருமகளும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், காது கேட்காத ஒரு அம்மா தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வெளியேறச் சொல்லி அறிவித்தால் அவர் கதவை யார் தட்டுவது? லயத்தில் இந்தக் கேள்வியே வராது. புது வீட்டுத் திட்டத்தில் இதற்குப் பதிலை வரைபடத்திலேயே வைக்க வேண்டும்.

ஆகவே 20 வீட்டையும் படையணி போல ஒரே வரிசையில் நிறுத்தாமல், ஐந்து வீட்டுக்கு ஒரு பொது வாசல் என்று நான்கு கூட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வீட்டின் முன்கதவும் அந்த வாசலைப் பார்க்கட்டும். நான்கு வாசலிலிருந்தும் மண்டபத்துக்கு ஒரே அகலப் பாதை. இரண்டு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கும் அகலம் வேண்டும், தாழ்வான படி, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, சூரிய ஒளி விளக்கு. முக்கியமானது, இந்தப் பாதை ஓடையைக் கடக்கக் கூடாது. கடக்காமல் மண்டபத்துக்குப் போக முடியாதென்றால் மண்டபத்தின் இடம் தவறு.

அளவு? அவசரகாலத் தங்குமிடத்துக்கு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் என்பது உலகெங்கும் நிவாரண வேலையில் கொள்ளும் குறைந்த அளவு. 20 வீட்டு ஆட்களுக்கும் அந்தக் கணக்கில் கட்டினால் மண்டபம் 3000 சதுர அடிக்குமேல் போகும், காசு கிடைக்காது. ஆனால் நிலம் சரியாகத் தெரிவு செய்யப்பட்டால் எல்லோரும் வெளியேற வேண்டி வராது. அடிப்பக்கத்திலும் மேட்டுக்கு அருகிலும் இருக்கும் எட்டு வீடு, சுமார் 40 பேர் என்று பாருங்கள்: 1500 சதுர அடி. 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பதும் அதே நிவாரண அளவுதான், அதன்படி இரண்டு போதும். நான் நான்கு கேட்பேன், பெண்களுக்கு இரண்டு தனியாக, மண்டபத்துக்குள்ளிருந்தே போகும் வழியோடு. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீட்டர் என்றால் 600 லீட்டர். 5000 லீட்டர் தாங்கி ஒன்று எட்டு நாளைக்கு வரும். அந்த மண்டபக் கூரையில் 40 மில்லிமீட்டர் மழை விழுந்தாலே அது ஏறக்குறைய நிரம்பிவிடும். ஊற்றிலிருந்து வரும் பீலிக் குழாய் வெள்ளத்தில் அடித்துப் போகும் நாளில்தான் இந்தத் தாங்கியின் அருமை தெரியும்.

பாடசாலையில் இடம்பெயர்ந்து தங்கிய பெண்களிடம் என்ன கஷ்டம் என்று கேட்டால், சாப்பாட்டைவிட முதலில் வருவது உடை மாற்ற இடமில்லாததும், இரவில் வெளி மலசலகூடத்துக்குப் போகப் பயந்ததும்தான். மண்டபத்தின் ஒரு பக்கம் உள்ளிருந்து பூட்டக்கூடிய ஓர் அறை கட்டாயம் வேண்டும். மற்ற நாளில் அதுவே பிள்ளை மடுவத்தின் (பிள்ளை பராமரிப்பு நிலையத்தின்) தூங்கும் அறை. பக்கத்தில் அடுப்படி, பெரிய பாத்திரங்கள். ஈரமேறாத உயரத்தில் ஓர் இரும்பு அலுமாரி: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, ஊழியர் சேமலாப நிதிப் புத்தகம் எல்லாவற்றின் பிரதியும் வீட்டு வாரியாக உறை போட்டு அதில் இருக்கட்டும். 1948-இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, 2003 வரை அதற்காக நடந்த மலையகச் சமூகம் நாம். ஒரு கடதாசி சேற்றில் போனால் அதைத் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர் ஏற வேண்டும் என்று மற்றவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

அனர்த்தத்துக்கென்று மட்டும் கட்டிப் பூட்டி வைத்த கட்டடம் அனர்த்த நாளில் திறக்காது. சாவி ஊரில் இல்லாத ஒருவரிடம் இருக்கும், பல்ப் எரியாது, தாங்கியில் பாசி. தினமும் யாராவது உள்ளே இருக்க வேண்டும். காலையில் பிள்ளை மடுவம், பின்னேரம் டியூஷன், மாதத்தில் ஒரு நாள் கிளினிக், மரண உதவிச் சங்கக் கூட்டம், சடங்கு, கல்யாணம், இழவு வீட்டுக்கு வருபவர்கள் இரவு தங்க ஒரு திண்ணை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் சமைக்கும் அடுப்படிதான் வெள்ள நாளிலும் சமைக்கும். பாத்திரம் எங்கே, விறகு எங்கே என்று தெரிந்த கைகள் அப்போது தாமாகவே வேலை செய்யும். சாவி இரண்டு: இரண்டும் பக்கத்து வாசல்களில் எப்போதும் வீட்டில் இருக்கும் பெண்களிடம். கல்யாணத்துக்கு வாங்கும் சிறு வாடகை கான் துப்புரவுக்கும் தாங்கி கழுவுவதற்கும் போகட்டும்.

இந்த மண்டபக் காணியும் கானும் பாதையும் யார் பெயரில் இருக்கும் என்று இப்போதே கேளுங்கள். வீட்டுக்கு உறுதி வாங்குவதில் எல்லோரும் மும்முரமாக இருப்பார்கள், பொதுநிலம் பெயரில்லாமல் தோட்டத்தோடு நின்றுவிடும். பத்து வருடத்தில் அங்கே யாராவது கடை போடுவார்கள், மேற்கான் மேல் கொட்டில் வரும். பிரதேச சபையின் பெயரிலோ, பதிவு செய்த உங்கள் சங்கத்தின் பெயரிலோ தனியாக அளந்து வரைபடத்தில் எல்லை போட்டு வாங்குங்கள்.

கடைசியாக, கட்டடம் எழும்பும் வரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று: மழைமானி. நேரான பக்கமுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டுங்கள். வெட்டிய தலையைக் கவிழ்த்து புனல்போல வாயில் வையுங்கள். அடியில் உள்ள வளைவு மறையும் வரை சிறு கல்லும் தண்ணீரும் போட்டு அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்து, அதிலிருந்து மேலே மில்லிமீட்டர் அளவு ஒட்டுங்கள். மரநிழலிலும் கூரையோரத்திலும் வைக்காமல் திறந்த இடத்தில், கம்பத்தில் கட்டுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டி மழை இன்னும் பெய்தால் எல்லோரும் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் சாமான் கட்டி, முதியவர்களையும் பிள்ளைகளையும் இடம் மாற்றத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 75 விழுந்தாலோ, யார் சொல்வதற்கும் காத்திருக்காமல் வெளியேற வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொள்ளும் அளவுகள் இவை. நிலத்தில் வெடிப்போ கலங்கிய ஊற்றோ தெரிந்தால் இந்த அளவுக்கும் காத்திருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லாத் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுத்து, காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எழுதச் சொல்லுங்கள், மழை விடாத நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அளவோடு சேர்த்து அந்த நேரம் ஓயா எந்தக் கல்லைத் தொட்டது என்றும் எழுதட்டும். நில அளவையாளர் வருவதற்குள் ஒரு மழைக்காலக் கணக்கு உங்கள் கையில் இருந்தால், மண்டபம் எங்கே, மைதானம் எங்கே என்ற பேச்சில் அந்தக் கொப்பியை மேசையில் வைத்துப் பேசலாம்.